லான்கோலன் கால்வாயில் ஏழு நாள்: வாடகை நேரோபோட் பற்றி ஒரு மதிப்புரை

பெங்களூரில் வசிக்கும் நமக்குப் படகு வீடு என்றதும் ஆலப்புழைதான் நினைவுக்கு வரும். வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் ஏறிப் படுத்தால் மறுநாள் மதியம் ஒருவர் படகை ஓட்ட, மற்றொருவர் சமைக்க, நாம் நாற்காலியில் சாய்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கிலாந்தின் கால்வாய்களில் வாடகைக்குக் கிடைக்கும் நேரோபோட் என்ற நீண்டு குறுகிய படகு வீடும் அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று நினைத்துத்தான் நாங்கள் பணம் கட்டினோம். அங்கே சுக்கான் பிடிப்பவரும் சமைப்பவரும் கயிறு கட்டுபவரும் மதகு திறப்பவரும் பயணிகளே. இது தெரியாமல் யாரும் முன்பதிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகவும், தெரிந்தே போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் உதவும் என்பதற்காகவும் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சென்ற செப்டம்பரில் ஐந்து பேர் போனோம்: நானும் என் கணவரும், மான்செஸ்டரில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும், கணவரின் அக்காவான எங்கள் மதினியும். நான் அல்சூரில் ஒரு பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். மதினிக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு. லான்கோலன் கால்வாயைத் தேர்ந்தெடுத்தவன் மகன். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஹர்ல்ஸ்டன் என்னுமிடத்தில் தொடங்கி, ஷ்ராப்ஷயர் வழியாக வேல்ஸ் மலையடிவாரம் வரை 46 மைல் போகும் இந்தக் கால்வாயில் மொத்தம் 21 லாக்குகள் (படகை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் கட்டிய கதவுத் தொட்டிகள்) உள்ளன. நாங்கள் தாழ்ந்த பகுதியில் உள்ள ஒரு படகுத்துறையில் ஏறி, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றைப் போகும்போதும் வரும்போதுமாக இருமுறை கடந்தோம். குறையும் சொல்லப் போவதால் வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் படகு. எங்களுடையது 57 அடி நீளம், ஏழடிக்கும் சற்றுக் குறைவான அகலம். நம் பிஎம்டிசி பேருந்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் என்றாலும், அகலத்தில் அந்தப் பேருந்தைவிடக் குறுகியது. இந்த விசித்திரமான அளவுக்குக் காரணம் லாக்குகள். பதினெட்டாம் நூற்றாண்டில் செலவையும் நீரையும் மிச்சப்படுத்துவதற்காக அவற்றை ஏழடி அகலத்தில் கட்டிவிட்டார்கள். அன்று முதல் படகுகளும் அந்த அளவுக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. எஃகு உடல், டீசல் எஞ்சின். உள்ளே ரயில் பெட்டியின் ஓரப் பாதையைப் போல ஒரு நடை, அதையொட்டி வரிசையாகப் படுக்கை, குளியலறை, சமையலறை, அமரும் அறை. ஒருவர் சமையலறையில் நின்றால் மற்றவர் அவரை உரசித்தான் கடக்க முடியும். ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்ற விளம்பரத்தை நான்கு பேர் வசதியாகப் படுக்கலாம் என்று வாசித்துக்கொள்ளுங்கள். மீதி இருவருக்கான படுக்கையை இரவுதோறும் உணவு மேசையைக் கழற்றித்தான் உருவாக்க வேண்டும். ஆனால் சுத்தத்திலும் பாத்திரங்களின் எண்ணிக்கையிலும் போர்வைகளிலும் ஒரு குறையும் இல்லை.

அந்நாட்டுக் கால்வாயில் வாடகைப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. அதனாலேயே, ஒப்படைக்கும்போது தரும் பயிற்சிதான் எல்லாமே. எங்களுக்கு அது இருபத்தைந்து நிமிடம் நடந்தது. எஞ்சினைக் கிளப்புவது, தினமும் காலையில் செய்ய வேண்டிய சோதனைகள், எரிவாயுவை அணைப்பது ஆகியவற்றைப் பயிற்சியாளர் பொறுமையாகக் காட்டினார். லாக்கை மட்டும் ஒரு படத்தில் விரலால் சுட்டிக்காட்டி, “போகப் போகப் புரியும்” என்று சொல்லி முடித்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன என்பது உண்மைதான். ஆனாலும், பதினைந்து டன்னுக்குக் குறையாத ஓர் இரும்புப் பொருளை முன்பின் அனுபவமில்லாதவர்களிடம் கொடுத்து அனுப்பும்போது முதல் லாக் வரை ஆள் ஒருவரைக் கூட அனுப்புவது அவர்கள் கடமை என்றே நினைக்கிறேன். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுக்கான் பிடிப்பது அரை நாளில் பழகிவிடுகிறது. பின்பக்கம் நின்றுகொண்டு ஒரு நீண்ட கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும். மூளை இதை ஒப்புக்கொண்டாலும் கை ஒப்புக்கொள்ளச் சில மணி நேரம் ஆகிறது. படகு தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுழல்வதால், முன்பக்கத்தைக் கரையிலிருந்து விலக்கினால் பின்பக்கம் கரையில் போய் இடிக்கும். பின்னோக்கிச் செலுத்தும்போது சுக்கான் ஏறக்குறைய வேலையே செய்யாது. பிரேக் என்று ஒன்று கிடையாது. எஞ்சினை எதிர்த்திசையில் ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். எதிரே படகு வந்தால் நமக்குப் பழக்கமில்லாத வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு நான்கு மைல், கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. முதல் நாள் மாலை நாயுடன் நடந்து வந்த ஒரு பெரியவர் கரைப்பாதையில் எங்களை முந்திப் போனார். நாங்கள் அடுத்த லாக்கை அடைந்தபோது அங்கேயே நின்று கதவைத் தள்ளிக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனார்.

லாக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. நீர் ஏற்றமாக ஓடாது. படகு மேட்டில் ஏற வேண்டும். ஆகவே இரு முனைகளிலும் கதவு வைத்த ஒரு கல்தொட்டியைக் கட்டி, படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவை மூடி, மேலிருந்து நீரை நிரப்புகிறார்கள். தொட்டி நிரம்ப நிரம்பப் படகு மேலே வருகிறது. மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கிறது. அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. கதவில் உள்ள மதகுகளை உயர்த்த, விண்ட்லாஸ் என்ற ஒரு வளைந்த இரும்புக் கைப்பிடியைப் பல்சக்கரத்தின் முனையில் மாட்டிச் சுற்ற வேண்டும். அம்பாசிடர் காரை முன்னால் நின்று சுற்றிக் கிளப்பிய தலைமுறைக்கு அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் புரிந்துவிடும். கதவைத் திறக்க, அதன் மேல் கிடக்கும் நீண்ட மரத்துலாவில் முதுகைக் கொடுத்துக் காலால் தரையை உந்த வேண்டும். கால் வழுக்காமலிருக்கத் தரையில் செங்கல் வரிகளை உயர்த்திப் பதித்திருப்பார்கள்.

முதல் லாக்கில் மகன் முழு பலத்துடன் துலாவைத் தள்ளினான், கதவு அசையவில்லை. தொட்டியில் இன்னும் ஒரு சாண் நிரம்ப வேண்டியிருந்தது. பழைய பழக்கத்தில் கரையிலேயே கணக்குப் போட்டேன்: இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் நீரில் நனைந்திருக்கும் ஒரு கதவின் இரு புறமும் நீர்மட்டம் ஒரு சாண் வேறுபட்டால், கதவின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 900 கிலோ எடைக்குச் சமம். பத்து பேர் தள்ளினாலும் அது திறக்காது. இரண்டு நிமிடம் பொறுத்திருந்தோம், மட்டம் சமமானது. முழங்கால் வலியுள்ள மதினி தன் முதுகை ஒருக்களித்துச் சாய்த்தார், கதவு நகர்ந்தது. பாஸ்கல் விதியை இருபத்தாறு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவளுக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு வாய்த்திருக்காது.

ஒரு முறை லாக்கைக் கடக்கும்போது ஒரு தொட்டி நீர், அதாவது சுமார் ஒரு லட்சம் லிட்டர், மேலிருந்து கீழே போய்விடுகிறது. நம் ஊர்க் கணக்கில் 6,000 லிட்டர் டேங்கரில் பதினாறு, பதினேழு வண்டி. 2024 கோடையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு வண்டிக்காகக் காத்து நின்றவர்களுக்கு அது நெஞ்சில் இடிக்கத்தான் செய்யும். அதனால்தான் அங்கே ஒரு மரியாதை கடைப்பிடிக்கப்படுகிறது: எதிரே ஒரு படகு வருவது தெரிந்து, தொட்டியின் நீர்மட்டமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தால், நாம் காத்திருந்து அவர்களை முதலில் விட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரே தொட்டி நீரில் இரு படகுகளும் கடந்துவிடும். அவசரப்பட்டுத் தொட்டியைக் காலி செய்பவர்களை அங்கே யாரும் திட்டுவதில்லை. பேசாமல் பார்ப்பார்கள், அது திட்டைவிட மோசம்.

கிரிண்ட்லி ப்ரூக்கில் ஆறு லாக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றில் மேலே உள்ள மூன்றும் மாடிப்படி போல ஒட்டிக் கட்டப்பட்டவை. ஒன்றின் மேல்கதவே அடுத்ததன் கீழ்க்கதவு. ஏறும்போது அடியில் உள்ள தொட்டி காலியாகவும் மேலே உள்ள இரண்டும் நிரம்பியும் இருக்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் நீர் வழிந்து கரைக்கு வரும், அல்லது படகு தரைதட்டும். சீசனில் கால்வாய் அறக்கட்டளையின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் அங்கே நின்று உதவுகிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பகுதியை 2012 முதல் அரசு நிறுவனத்திடமிருந்து ஏற்று நடத்துவது இந்த அறக்கட்டளைதான்.

அவர்களில் ஒருவர்தான் திரும்பி வரும்போது எங்கள் படகைக் காப்பாற்றினார். மேல்கதவின் அடியில் ‘சில்’ என்ற ஒரு கல்மேடை தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. பக்கச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு மட்டுமே அடையாளம். இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். என் கணவர் சுக்கானில் நின்றுகொண்டு, பெங்களூரிலிருந்து அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் அழைத்த தொலைபேசியை எடுத்துவிட்டார். படகு மெல்லப் பின்னோக்கி நகர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. நீர் இறங்கிக்கொண்டிருந்தபோது அடியில் தட்டென்று ஓர் ஓசை. பின்பக்கம் அப்படியே நிற்க, முன்பக்கம் மட்டும் தாழத் தொடங்கியது. அந்தத் தன்னார்வலர் ஓடிவந்து கீழ் மதகுகளைப் படாரென்று இறக்கி மூடினார். பிறகு மகனை மேல் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். நீர் ஏறிப் படகு மேடையிலிருந்து தானாக மிதந்து விலகியது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முன்பக்கக் கதவு வழியாக நீர் உள்ளே புகுந்து படகு மூழ்கியிருக்கும் என்றார். தவறு எங்களுடையதுதான். ஆனால் அந்தச் ‘சில்’ என்ற சொல்லைப் பயிற்சியில் ஒரே ஒரு முறை, எரிவாயு உருளையைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் கேட்டதாக ஞாபகம்.

கிரிண்ட்லி ப்ரூக்கைத் தாண்டினால் ஏறத்தாழ இருபது மைலுக்கு லாக்கே இல்லை. கையால் சுற்றித் தூக்கும் பாலங்கள், விக்சல் என்ற கரிச் சதுப்பு நிலம், எல்ஸ்மியரை ஒட்டிய ஏரிகள், ஆடுகள், மீண்டும் ஆடுகள். கரைப்பாதை ஓரத்து முள்வேலிகளில் கருநாவல் நிறத்தில் பிளாக்பெரி பழுத்துக் கிடந்தது. ஓடும் படகிலிருந்து மருமகள் இறங்கி நடந்து, ஒரு டப்பா நிறையப் பறித்துக்கொண்டு அடுத்த பாலத்தில் ஏறிக்கொண்டாள். மாலையில் கரைப்பாதைப் பக்கம் விரும்பிய இடத்தில் இரண்டு இரும்பு முளைகளைச் சுத்தியால் அடித்துக் கயிற்றைக் கட்டிவிட்டால் அன்றைய ஊர் அதுதான். எட்டு மணிக்கு மேல் அப்படி ஓர் இருட்டை நான் என் சிறுவயதில் மார்த்தாண்டம் பக்கத்தில் பார்த்தது.

இந்தக் கால்வாய் பிழைத்த கதையும் சுவையானது. ரயில் வந்து வணிகம் படுத்த பின், 1944இல் சட்டப்படியே இதைக் கைவிட்டார்கள். ஆனால் லான்கோலனுக்கு மேலே டீ ஆற்றில் பொறியாளர் டெல்ஃபோர்ட் கட்டிய குதிரைலாட வடிவ அணையிலிருந்து வரும் நீர், இக்கால்வாய் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் செஷயர் மக்களின் குடிநீராகிறது. குடிநீர் வாய்க்கால் என்பதால் யாரும் தூர்க்கவில்லை. அதனாலேயே மற்றக் கால்வாய்களில் இல்லாத ஒரு நீரோட்டம் இங்கே உண்டு. மேற்கே போகும்போது அதை எதிர்த்துச் செல்ல வேண்டும், குறுகலான இடங்களில் படகு ஊர்ந்துதான் போகும். இதையும் நிறுவனம் சொல்லவில்லை. எங்கள் மூன்றாம் நாள் திட்டம் அரை நாள் தள்ளிப்போனது. ‘ஒரு லாக்குக்கு ஒரு மைல் என்று கூட்டி, மணிக்கு மூன்று மைல்’ என்ற படகோட்டிகளின் கணக்கை மேற்கு நோக்கிப் போகும்போது நம்ப வேண்டாம்.

நாலாம் நாள் காலை சர்க் நீர்ப்பாலத்தைக் கடந்து வேல்ஸுக்குள் நுழைந்தோம். பாலம் முடிந்ததும் 421 மீட்டர் சுரங்கம். ஒரே ஒரு படகுக்கு மட்டும் இடம், விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதன் பிறகு வருகிறது பொன்ட்கசுல்தெ தொட்டிப்பாலம். (வெல்ஷ் மொழியின் இரட்டை எல் ஒலிக்கு நம் எழுத்து எதுவும் சரிவரவில்லை. நாக்கை ‘ல’வுக்கு வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் விட வேண்டும். ‘ழ’கரத்தை வைத்துப் பெருமை பேசும் நாம் அங்கே ஒரு நாள் முழுவதும் தோற்றோம்.)

நான் குமரி மாவட்டத்துக்காரி. மாத்தூர் தொட்டிப்பாலம் எங்களுக்குப் பள்ளிச் சுற்றுலா இடம். சுமார் 115 அடி உயரத்தில் பாசன நீர் போகும் தொட்டியின் ஓரமாக நடந்திருக்கிறேன். பொன்ட்கசுல்தெ அதைவிடப் பதினோரு அடி உயரம், 307 மீட்டர் நீளம், 1805இல் திறக்கப்பட்டது. டெல்ஃபோர்டும் மற்றொரு பொறியாளரான ஜெசப்பும் 18 கல்தூண்களுக்கு மேல் வார்ப்பிரும்புத் தொட்டியை ஏற்றி வைத்தார்கள். சுண்ணாம்புக் காரையில் எருதின் இரத்தம் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். நம்மவர்கள் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2009இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மாத்தூரில் நீர் மட்டும் போகிறது. இங்கே நாமே படகில் போகிறோம். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பி வேலியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் இரும்பு விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. அதற்கப்பால் வேலி கிடையாது, நேரே கீழே டீ ஆறு. படகின் உள்ளிருந்து அந்தப் பக்கத்துச் சன்னல் வழியாகப் பார்த்தால் விளிம்பும் தெரியாது. மரங்களின் உச்சிகளுக்கு மேலே வீடு ஒன்று மிதப்பது போலிருக்கும். மதினி அந்தச் சன்னலோரம் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்வது போன்ற நிதானத்துடன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். “கீழ பாத்தியா மதினி?” என்று கேட்டேன். “பாத்தாச்சு, நீ போயி அவன ஒழுங்கா ஓட்டச் சொல்லு” என்றார்.

சமையலைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: நான்கு அடுப்பு, ஒரு சிறிய குளிர்பெட்டி, குக்கர் நாம் கொண்டுபோக வேண்டும். மிக்ஸியை மறந்துவிடுங்கள், படகின் பேட்டரி தாங்காது. மருமகள் மான்செஸ்டரிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்கவே இல்லை. பிறகு எஞ்சின் சூட்டில் வெந்நீர் காயும் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் பாத்திரத்தை வைத்தோம், காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. தாளிக்கும்போது சன்னலையும் மேல்மூடியையும் திறந்துவைக்காவிட்டால் புகை அபாயமணி அலறும். நீர்த்தொட்டியை அன்றாடம் கரையோரக் குழாயில் நிரப்புங்கள், அரை மணிக்கு மேல் ஆகும். கழிப்பறையில் பம்ப்-அவுட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மற்ற வகையில் கழிவுப் பெட்டியை நாமே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். சொம்பு ஒன்று எடுத்துப் போவது நல்லது.

பழுது பார்க்கும் சேவையைப் பாராட்ட வேண்டும். இரண்டாம் இரவு நீர் பம்ப் நின்றுபோனது. காலை ஏழரைக்கு அழைத்தோம், பத்து மணிக்கு முன்பே வேனில் ஒருவர் வந்து, பாலத்தின் எண்ணை வைத்து எங்களைக் கண்டுபிடித்து, இருபது நிமிடத்தில் சரிசெய்து, தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு குடித்துவிட்டுப் போனார்.

செலவு குறைவில்லை. செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும், டீசலும் முன்பணமும் தனி. விமானமும் விசாவும் சேர்த்தால் சுவிட்சர்லாந்து பேக்கேஜுக்கு நிகராகிவிடும். குறைந்தது இரண்டு பேராவது திடகாத்திரமாக இல்லாத குடும்பம் இதைத் தொட வேண்டாம். ஓரிடத்தில் நிற்காத சிறு குழந்தைகள் இருந்தால் நிச்சயமாக வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் மூன்று, நான்கு நாள் வாடகைக்கு எடுத்து, வேல்ஸ் எல்லைக்கு அருகிலேயே படகு ஏறினால் லாக் அதிகம் இல்லாமலே தொட்டிப்பாலத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் லாக்குகளைத் தவிர்த்துவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு வருவது மலைகளைப் பற்றியோ பாலத்தைப் பற்றியோ அல்ல, எந்த லாக்கில் யார் எந்த மதகை முதலில் திறந்தார் என்பதைப் பற்றித்தான்.

கடைசியாக முன்பணம். திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு பிடித்தம் செய்திருந்தார்கள். ஒன்று, தொலைந்த விண்ட்லாஸுக்கு. அது மதினியின் கையிலிருந்து நழுவி கிரிண்ட்லி ப்ரூக்கின் இரண்டாம் தொட்டியில் கிடக்கிறது, அதில் வழக்கில்லை. மற்றொன்று, முன்பக்கம் இடப்புறத்தில் இரண்டடி நீளக் கீறலுக்கு. நாங்கள் ஏறும்போதே அந்தக் கீறல் இருந்தது. பயிற்சியின் அவசரத்தில் நாங்கள் படம் எடுக்கவில்லை, அவர்களும் குறித்துக்கொள்ளவில்லை. மதினி முதல் நாள் படகின் முன் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், அவர் சேலை முந்தானைக்குப் பின்னால் அந்தக் கீறலின் ஒரு முனை தெரிகிறது. அதைப் பெரிதாக்கி அனுப்பியிருக்கிறேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை.